பத்து நிமிட நடை

சென்னை
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரியா எழுதுகிறேன். நானும் வெங்கடேஷும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா? அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இந்தப் பனியில் அம்மாவை விடியக்காலையில் கோவிலுக்கு அனுப்பாதே என்று எழுத நினைத்தேன். நீ சொன்னாலும் அவள் கேட்கப்போவதில்லை.

தபாலில் கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நீ "உம்" என்பாய். அந்த "உம்"முக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே எனக்குப் பாதி நாள் போய்விடும். எழுதினால் நீ அப்படி இல்லை.

விஷயம் இதுதான். நம் ஊரில் அரசு முந்நூறு வீடுகள் கட்டப்போகிறது. விசைத்தறியில் வேலை பார்ப்பவர்கள், ஜவுளிக் கடையில் நிற்பவர்கள், வாடகை வீட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்கள், இவர்களுக்காக. திட்டம் போடும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. பொறுப்பை ஜெபசிங் சார் என்னிடம் கொடுத்திருக்கிறார். எங்கோ பொட்டலில் வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற திட்டம் இல்லை இது. ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேலை பார்க்கும் இடமும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். பஸ் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இரண்டு இடம் பார்த்திருக்கிறார்கள். ஒன்று தண்டவாளத்துக்கு வடக்கே உள்ள புஞ்சை, பதினான்கு ஏக்கர். தனித்தனி வீடாகவே கட்டலாம். இன்னொன்று பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே சும்மா கிடக்கிற அரசு நிலம். சின்ன இடம், நான்கு மாடி எழுப்ப வேண்டும்.

ஊரில் யார் எங்கே எப்படி நடக்கிறார்கள் என்று உன்னைப்போல் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு நாளைப் பார்த்து எழுதி அனுப்புவாயா?

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
லட்சுமிப்ரியா


சங்கரன்கோவில்
22.01.2025

அன்புத் தங்கை பிரியாவுக்கு,

உன் கடிதம் பொங்கல் கழிந்து வந்தது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். ஆனால் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நான்கு வீடு ஏறி இறங்கிவிட்டாள். "எம் மக நம்ம ஊருக்கே பிளான் போடுதா" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று. நான் இருபது வருடமாக இந்த ஊருக்குத்தான் பிளான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது வீட்டு பிளான் என்பதால் கணக்கில் வராது போலிருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னேன்.

நீ கேட்டபடி ஒரு நாள் என் ஆபீஸைப் பூட்டிவிட்டு ராஜகுமாரியோடு நடந்தேன். அவள் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை பார்க்கிறாள். நீ சொல்லும் வடக்குப் புஞ்சையை ஒட்டி ஏழெட்டு வீடு இருக்கிறதே, அதில் ஒன்று அவளுடையது. காலையில் குழாயடி. எட்டு மணிக்கு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டால் பள்ளிக்கூடம் வரை பத்து நிமிட நடை. அங்கிருந்து தறிக்கூடம் இரண்டு தெரு. மத்தியானம் மாமியாருக்கு மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரி. சாயங்காலம் ரேஷன் கடை.

ஒன்று கவனித்தேன். வெறுங்கையோடு போகும்போது பத்து நிமிடமாக இருக்கிற பாதை, இருபது கிலோ அரிசியோடு திரும்பும்போது அரை மணி ஆகிறது. வழியில் மூன்று இடத்தில் மூட்டையை இறக்கி வைக்கிறாள். மூன்றிலும் நிழல் இல்லை. அதனால் ரேஷன் கடை வீட்டுக்கு அருகிலும், தறிக்கூடம் கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம். உங்கள் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வட்டம் போட்டிருப்பார்கள்.

மினி பஸ் எட்டேகாலுக்கு என்று போர்டில் இருக்கிறது. வருவது எட்டே முக்காலுக்கு. அதை நம்பி யாரும் நிற்பதில்லை.

நீ பெரிய படிப்புப் படித்தவள். இதில் எது உனக்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. வெங்கடேஷைக் கேட்டதாகச் சொல். தலைவலிக்குக் கண்ணாடி மாற்றினாயா?

அக்கா,
மீனலோசினி


சென்னை
03.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன், தலைவலி போய்விட்டது. நீங்கள் மூவரும் நலம்தானே?

உன் கடிதத்தை ஆபீசில் சத்தம் போட்டு வாசித்தேன். அந்த அரிசி மூட்டைப் பகுதி வந்ததும் ஜெபசிங் சார் எழுந்து நின்றுவிட்டார். "இத எழுதுனது யாரு?" என்று கேட்டார். ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் என்று சொன்னேன். அன்றைக்கே மூன்று இடத்தில் மரமும் மேடையும் குறித்துவிட்டோம்.

இடம் இரண்டில் எது என்று பிப்ரவரி கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும். எனக்கு வடக்குப் புஞ்சைதான் பிடித்திருக்கிறது. நிலம் விலை குறைவு. அதனால் வீட்டின் விலையும் குறையும். ஒரே ஒரு சந்தேகம். மேலிருந்து எடுத்த படத்தில் தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சின்னப் பாலம் தெரிகிறது. அதற்குள் ஆட்கள் போக முடியுமா? வருடம் முழுக்கப் போகலாமா? முடியாது என்றால் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு மூன்றரை கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். பிறகு அது நடக்கிற தூரமே இல்லை.

அங்கே நிலத்தடித் தண்ணீர் எப்படி, அந்த ஏழெட்டு வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள், இதையும் எழுது. சீக்கிரம் எழுது.

அம்மாவை வெயிலில் அலையவிடாதே.

பிரியமுள்ள,
லட்சுமிப்ரியா


சங்கரன்கோவில்
27.02.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாசி மாதம் மனை முகூர்த்தம் நிறைய. ஒரே வாரத்தில் ஒன்பது வீட்டுக்கு வரைபடம் கேட்டு வந்துவிட்டார்கள்.

நீ கேட்டவற்றுக்குப் பதில். ஆழ்துளைக் கிணறு முந்நூறு அடியில் உப்புத் தண்ணீர்தான். குடிக்க நகராட்சிக் குழாய் இழுக்க வேண்டும். ஏழெட்டு வீட்டுக்காரர்களுக்கும் சந்தோஷமே. ராஜகுமாரி "எங்களுக்கும் ஒரு பேச்சுத் துணை ஆச்சுல்லாக்கா" என்றாள்.

பாலத்தின் கீழே ஆட்கள் போக முடியுமா என்று கேட்டாய். போகிறார்கள். நிமிர்ந்தே நடக்கலாம். சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ராஜகுமாரி நாளும் அந்த வழியில்தான் வேலைக்கு வருகிறாள். நானும் அன்றைக்கு அவளோடு அதில்தான் நடந்தேன்.

என்னை "ஊரில் தெரிந்த ஒருவர்" என்று சொன்னது நல்லது. ஆபீசில் சொந்தக்காரர்களை இழுத்துவிட்டால் சிக்கல்தான்.

அம்மா உன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி, ஹாலில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மீனலோசினி


சென்னை
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எல்லோரையும் விசாரித்ததாக எடுத்துக்கொள்.

வடக்குப் புஞ்சை முடிவாகிவிட்டது! பாலத்தைப் பற்றி நீ எழுதியதே போதும் என்று சார் சொல்லிவிட்டார். மழைக்காலத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. பிரச்சினை இருந்தால் நீ எழுதாமல் இருப்பாயா? பாதைக்குச் சிமெண்ட் தளம் போட்டு விளக்கு வைத்தால் முந்நூறு குடும்பத்துக்கும் ஊர் பத்து நிமிடத்தில். அறிக்கையின் முதல் பக்கத்துத் தலைப்பே "பத்து நிமிட நடை"தான். அது உன் வார்த்தை.

மே மாதம் இடத்தைப் பார்க்க வருகிறேன். ஜூனில் மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். வரும்போது உனக்கு என்ன வாங்கி வர?

உன்,
பிரியா


சங்கரன்கோவில்
21.06.2025

அன்புள்ள லட்சுமிப்ரியாவுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். இங்கு எவருக்கும் குறை இல்லை. நீ வாங்கி வந்த சேலை நன்றாக இருக்கிறது. நிறம் கொஞ்சம் வயசானவர்களுக்கு உரியது. பரவாயில்லை, நான் உன்னைவிட ஐந்து வருடம் மூத்தவள்தானே.

கூட்டம் நன்றாக நடந்தது. கல்யாண மண்டபத்தில் இவ்வளவு கூட்டத்தைப் பந்தி நேரத்தில்தான் பார்த்திருக்கிறேன். நீ தெளிவாகப் பேசினாய். "நான் சங்கரன்கோவில்ல பொறந்து வளந்தவ. உங்க காலு எவ்வளவு தூரம் நடக்கும்னு எனக்குத் தெரியும்" என்று நீ சொன்னபோது கை தட்டல் அடங்க நேரமாயிற்று. அரிசி மூட்டைக் கதையைச் சொன்னபோது பெண்கள் அழுதார்கள். "உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் எழுதி உதவினார்" என்றும் சொன்னாய். அந்தப் பெண்மணி மூன்றாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையில் தட்டி, "யாருட்டி அது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

பத்திரிகையில் உன் படம் வந்திருக்கிறது. அம்மா வெட்டி வைத்திருக்கிறாள்.

உன் அடுத்த வேலைகள் நல்லபடியாக முடியட்டும்.

மீனலோசினி


சென்னை
02.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். எழுத்திலும் "உம்" சொல்ல உனக்குத் தெரிகிறது.

பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. மேடையில் அதிகாரிகள் இருந்தார்கள். என் சொந்த அக்கா கொடுத்த தகவல் என்றால் நாளைக்கே யாராவது எழுந்து, அவள் பிளான் போடுகிற தொழில் செய்கிறவள், அவளுக்கு இதில் ஆதாயம் என்பார்கள். நீயே பிப்ரவரியில் அப்படித்தானே எழுதினாய். தவிர, உனக்குப் பெயர் வர வேண்டும் என்ற ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்தேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வர முடியாது. அக்டோபரில் வேலை உத்தரவு வந்துவிடும் என்கிறார்கள், அதற்குள் எல்லா வரைபடமும் முடிய வேண்டும். விண்ணப்பப் படிவம் ஆகஸ்டில் வருகிறது. உன் ஆபீசில் யாராவது நிரப்பக் கேட்டு வந்தால் உதவி செய்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனாயா? அத்தானைக் கேட்டதாகச் சொல்.

லட்சுமிப்ரியா


சங்கரன்கோவில்
11.09.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

அம்மாவும் அத்தானும் நலம். நான் அவ்வளவு நலமில்லை. இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். இப்போது எழுதுவதை முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

அந்தப் பாலத்தின் வழியாக வருடம் முழுக்கப் போக முடியாது. ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்தால் மேற்கே குளத்திலிருந்து வரும் ஓடை அதற்குள்தான் ஓடும். முட்டளவு, சில நாள் இடுப்பளவு. தை பிறந்தும் சேறு காயாது. அந்த மூன்று மாதமும் அங்கே இருப்பவர்கள் சரிவில் ஏறித் தண்டவாளத்துக்கு மேலே நடந்துதான் இந்தப் பக்கம் வருகிறார்கள். நான் ராஜகுமாரியோடு நடந்த அன்றும் கீழே சேறு இருந்தது. ஓரமாகப் போட்டிருந்த கல்லில் கால் வைத்துத்தான் தாண்டினோம். அதை நான் எழுதவில்லை.

நீ நேராகவே கேட்டாய். ஆட்கள் போக முடியுமா, வருடம் முழுக்கப் போகலாமா என்று. முதல் கேள்விக்குப் பதில் எழுதினேன். இரண்டாவதற்கு எழுதவில்லை. மறக்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போனேன்.

மே மாதம் நாம் இரண்டு பேரும் அந்தப் பாலத்துக்குள் நின்றோமே. தரை காய்ந்து வெடித்திருந்தது. நீ சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஒரு லைட்டப் போட்டாப் போதும்லாக்கா?" என்று கேட்டாய். என் இடுப்புக்குச் சற்று மேலே சுவரில் தண்ணீர்க் கறை இருந்தது. நான் அதன்மேல் சாய்ந்து நின்றேன். "போதும்" என்றேன்.

ஏன் என்று கேட்பாய். டிப்ளமோவில் நான் பாலிடெக்னிக்கிலேயே முதலாவதாக வந்தேன். மேலே படிக்கக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. அப்பா, "பொம்பளப்பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பமாட்டேன்" என்றார். சரி என்றேன். ஐந்து வருடம் கழித்து அதே அப்பா உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை ரயிலில் ஏறினார். நீ கேட்டு வாங்கினாய். நான் கேட்கவில்லை. அது உன் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் ஒவ்வொரு படியும் எனக்குள் எரிந்தது. பட்டமளிப்புப் படத்தை நான்தான் ஆணி அடித்து மாட்டினேன். சுவர் இடிகிற மாதிரி அடித்தேன்.

கூட்டத்தில் எல்லோரும் கை தட்டியபோது நானும் தட்டினேன். உள்ளே ஒரு சந்தோஷம் ஓடியது. இது ஒரு மழைக்குத் தாங்காது, அன்றைக்கு இவள் படம் பத்திரிகையில் வேறு மாதிரி வரும் என்று. அப்படி நினைத்தது நான்தான். மழையில் யார் நடப்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

முந்தாநாள் ராஜகுமாரி விண்ணப்பம் நிரப்ப வந்தாள். வீடு ஓட்டு வீடு, ஒழுகுகிறது, புதுக் குடியிருப்பில் ஒன்று கிடைத்தால் போதும் என்றாள். பேச்சோடு பேச்சாக, "இனிப் பயமில்லக்கா. இதுவரைக்கும் எம் மவ ஒத்தையில போனா. முந்நூறு வீடு வந்துட்டா நூறு பிள்ளைக சேந்து போவும்லா" என்றாள்.

"எது வழியாட்டி போவும்?" என்றேன்.

"மழக்காலத்துல எது வழியா? தண்டவாளத்து மேலதான். ரயிலு வந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிடும்லா" என்று சிரித்தாள்.

அந்தப் படிவத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

வேலை உத்தரவு வருவதற்குள் நிறுத்து. பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே உள்ள இடம்தான் சரி என்று ஜனவரியிலேயே எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்கிறேன்.

மீனா


சென்னை
16.10.2025

அக்காவுக்கு,

அம்மா நலம் என்று போனில் கேட்டுக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஜெபசிங் சார் அறைக்குப் போனேன். பாலம் மழைக்காலத்தில் பயன்படாது என்று சொன்னேன். "சர்வே ரிப்போர்ட்ல ஏம்மா இல்ல?" என்றார். சர்வே கோடையில் எடுத்தது, மழைக்காலத்தைப் பற்றி நான் விசாரிக்கவில்லை என்று சொன்னேன். விசாரித்தேன், என் அக்கா பதில் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்காக இல்லை. ஒரு கடிதத்தை நம்பி முந்நூறு வீட்டுக்கு இடம் குறித்தவள் நான்தான்.

ஒரு மாதமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். பொறாமை எனக்குப் புரியாதது இல்லை. ஆனால் அந்தக் கறையை முதுகால் மறைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து "போதும்" என்றாயே. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. எத்தனை பிள்ளைகள், அக்கா.

வேலை உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆதாரம் கேட்கிறார்கள். ரயில்வே இடத்தில் புதுச் சுரங்கப்பாதை கேட்டால் எத்தனை வருடமாகும் என்று தெரியாது. இடத்தை மாற்ற வேண்டுமென்றால் தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை பேர் மேலே ஏறுகிறார்கள் என்று கணக்கு வேண்டும். மழை வந்ததும் அளந்து அனுப்பு. கோபத்தோடுதான் கேட்கிறேன். கேட்க வேறு ஆள் இல்லை.

லட்சுமிப்ரியா


சங்கரன்கோவில்
18.11.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

எல்லோரும் சுகம். நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

அக்டோபர் 22-ஆம் தேதியிலிருந்து நேற்று வரை இருபத்தேழு நாள், காலையிலும் மாலையிலும் போய் அளந்தேன். இதோடு அட்டவணையும் வரைபடமும் இருக்கின்றன. பாலத்தின் குறுக்குவெட்டை அளவுக்கு வரைந்து, ஒவ்வொரு நாள் நீர்மட்டத்தையும் கோடு போட்டிருக்கிறேன். அதிகபட்சம் மூன்றே முக்கால் அடி. கீழே நடக்க முடிந்தது ஆறு நாள் மட்டும்.

காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் சராசரி நாற்பத்து மூன்று பேர் மேலே ஏறித் தாண்டுகிறார்கள். பதினேழு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இது ஏழெட்டு வீட்டிலிருந்தும் அதற்கு அப்பால் உள்ள தோட்டங்களிலிருந்தும் வருகிறவர்கள் மட்டும். முந்நூறு வீட்டுக்கு நீ பெருக்கிக்கொள்.

நவம்பர் 5-ஆம் தேதி அளக்கும் நாடாவை ராஜகுமாரி பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் மேலே ஜல்லியில் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். தென்காசிப் பக்கமிருந்து வண்டி வருகிற சத்தம். நான் நாடாவைப் போட்டுவிட்டு ஏறினேன். நான் போவதற்குள் அவளே எழுந்து இந்தப் பக்கம் குதித்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. முழங்காலில் சிராய்ப்பு. ராஜகுமாரி அவளை ரெண்டு சாத்து சாத்தினாள். பிறகு என்னிடம், "நீங்க ஏங்க்கா அழுதிய?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். அப்படியும் மறுநாள் நாடா பிடிக்க வந்தாள்.

வரைபடத்தின் கீழே என் பெயரும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் நானே வந்து பதில் சொல்கிறேன்.

மீனா


சங்கரன்கோவில்
22.12.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நீ பதில் போடவில்லை. போட வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது. அம்மாவுக்கு முட்டுக்கு ஊசி போட்டோம், இப்போது படி ஏறுகிறாள். அத்தான் நலம்.

போன வெள்ளிக்கிழமை ஜெபசிங் சார் என் ஆபீசுக்கு வந்தார். இடம் பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே மாறிவிட்டது என்றார். சந்தோஷமாக இருந்தது. திட்டம் இனி உன் பொறுப்பில் இல்லை, உன்னை ஓசூர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். நீ அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இந்த வருடம் முழுக்க உனக்கு ஒரு சறுக்கல் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் காபி சொல்லவும் மறந்துவிட்டேன்.

பிறகு அவர் கேட்டார். "நீங்க போட்ட டிராயிங்கப் பாத்துத்தாம்மா ஆபீஸர்ங்க மனசு மாறுச்சு. புது இடத்துக்கு உள்ளூர்ல இருந்து ஒரு ஆள் வேணும். நாலு மாடியில யாருக்கு எந்தத் தளம், மாடிப்படி எவ்வளவு அகலம், கடை எங்க, பஸ் எங்க நிக்கணும்னு பாத்துச் சொல்லணும். எங்ககூட வேல செய்வீங்களா?"

என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன், பிப்ரவரிக் கடிதத்திலிருந்து. உன் தப்பில்லை என்றும் சொன்னேன். "இதுக்குப் பிறகும் கேக்குதேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். அவருக்கும் நம் பக்கம்தான் ஊராம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இருபது வருடமாக வேண்டும். ஆனால் அது நீ உட்கார்ந்திருந்த நாற்காலி. நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

மீனா


ஓசூர்
05.01.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர் பல்லை ஆட்டுகிறது. வெங்கடேஷ் வாரம் ஒருமுறை வந்து போகிறார். அம்மா படி ஏறியதைக் கேட்டுச் சந்தோஷம். ஊசி போட்ட காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதே, டாக்டரைக் கேட்டுக்கொள்.

உன் நவம்பர் வரைபடம் ஆபீசில் மேசைக்கு மேசை போனது. "நம்ம டீம்ல இப்படி ஒரு டிராயிங் யாரும் போட்டதில்ல" என்று ஜெபசிங் சார் என்னிடமே சொன்னார். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. என்னை ஓசூருக்கு மாற்றியது அடுத்த வாரம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், உன் கையெழுத்து அந்தத் தாளின் மூலையில் இருந்ததைத் தாங்க முடியவில்லை. நான் வேலையை இழக்கிறேன், நீ அதிலேயே உள்ளே வருகிறாய். நியாயமா என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டேன். உன் பிப்ரவரி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம்.

போ, அக்கா. அந்த வேலைக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை. நீ போவது எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது. கோபமும் இன்னும் முழுக்கத் தீரவில்லை. பொங்கலுக்கு வருவேனா என்று கேட்காதே.

இன்னொன்று. புது இடத்தில் போன பிப்ரவரியில் நாங்கள் மண் பரிசோதனை எடுத்தோம். தென்மேற்கு மூலையில், வேலியிலிருந்து நாற்பது அடியில், குப்பை போட்டு மூடிய பெரிய கிணறு ஒன்று இருக்கிறது. அப்போது அந்த இடத்தைக் கைவிட்டதால் அறிக்கையில் ஏறவில்லை. என் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. ஜெபசிங் சாரிடம் கோப்பை ஒப்படைத்தபோது அந்தப் பக்கத்தைக் கொடுக்கவில்லை. உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளும் அந்தக் குறிப்பு என் பெட்டியில்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். அந்த மூலையில் அஸ்திவாரம் வரக் கூடாது. இது கையில் கிடைத்ததுமே சாரிடம் சொல்லிவிடு.

உன் தங்கை,
பிரியா